குளிர் வருமுன் காரின் கூலன்ட்: அளப்பது, திருத்துவது, மாற்றுவது

ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினுக்குள் சுழன்று சூட்டை எடுக்கும் திரவம்) மேல்கோடு வரை நிற்பதைப் பார்த்துவிட்டு, வண்டி குளிருக்குத் தயார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மட்டம் சொல்வது திரவம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான். அதில் எத்தனை பங்கு உறைவதைத் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ், எத்தனை பங்கு தண்ணீர் என்று அது சொல்லாது. நிறமும் சொல்லாது, கலவை நீர்த்துப்போன பிறகும் சாயம் கண்ணுக்குப் பச்சையாகவோ சிவப்பாகவோதான் தெரியும்.

குளிர்காலத்தில் இன்ஜின் உறைந்துபோவதற்கான காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தைய கோடையில் நடந்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் அமைப்பில் பாதிக்குப் பாதி கலவை இருக்கிறது. எங்கோ சிறு கசிவு. ஒரு லிட்டர் குறைந்ததும் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறீர்கள். ஆன்டிஃப்ரீஸின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 44-க்கு இறங்கிவிட்டது. மறுமுறை 38. மூன்றாம் முறை 33 அல்லது 34. மைனஸ் 37 டிகிரி வரை தாங்கிய கலவை இப்போது மைனஸ் 18-லேயே உறையத் தொடங்கும். மட்டம் மட்டும் அன்று போலவே இன்றும் மேல்கோட்டில் நிற்கிறது. (இந்தக் கட்டுரையில் வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.)

ஆகவே முதல் வேலை அளப்பது. ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.

உறைந்தால் என்ன ஆகும்

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. மூடிய இரும்பு அல்லது அலுமினிய அறைக்குள் அந்த விரிவுக்கு இடம் கிடையாது. சிலிண்டர் பிளாக் வெடிக்கலாம், ரேடியேட்டரின் குழாய்கள் பிளக்கலாம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து காருக்குள் வெப்பக்காற்று தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கிழியலாம். பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாகத் தெரியும் உலோக மூடிகளை ‘ஃப்ரீஸ் பிளக்’ என்று அழைப்பதால், உறைந்தால் அவை கழன்று விழுந்து பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. உண்மையில் அவை வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை வெளியே எடுப்பதற்காக விட்ட துளைகளை அடைக்கும் மூடிகள். சில நேரம் அவை பிதுங்கி வெளியே வந்து சேதம் குறையலாம். அதை நம்பி இருக்கவே கூடாது.

கலவை ஒரே அடியாகக் கல்லாக இறுகுவதில்லை. உறைநிலைக்கு வந்ததும் முதலில் தண்ணீரின் ஒரு பகுதி நுண்ணிய பனித்துகள்களாகப் பிரிகிறது. மிச்சமுள்ள திரவத்தில் ஆன்டிஃப்ரீஸின் முக்கியப் பொருளான கிளைக்காலின் செறிவு கூடுவதால் அது இன்னும் கொஞ்சம் குளிர் தாங்கும். இடையில் கூழ் போன்ற ஒரு நிலை நெடுநேரம் நீடிக்கும். கூழாக இருக்கும்வரை உலோகம் வெடிக்காமல் தப்பலாம். ஆனால் வாட்டர் பம்ப்பால் அதைச் சுழற்ற முடியாது. ஆன்டிஃப்ரீஸ் புட்டிகளில் சில நேரம் உறைநிலைக்கும், குழாயை வெடிக்கவைக்கும் அளவுக்கு இறுகும் வெடிநிலைக்கும் தனித்தனி எண் போட்டிருப்பது இதனால்தான். இன்ஜினுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது உறைநிலை எண்ணை மட்டும். வீட்டுக் குழாய்கள் வெடிக்காமல் இருக்க ஊற்றும் இளஞ்சிவப்பு நிறத் திரவத்தில் பெரும்பாலும் வெடிநிலைதான் பெரிய எழுத்தில் இருக்கும். இன்ஜினுக்குத் தேவையான துருத்தடுப்பு மருந்துகளும் அதில் இருக்காது. அதைக் காரில் ஊற்றாதீர்கள்.

எவ்வளவு கலக்க வேண்டும்

பெரும்பாலான கார்களில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். தண்ணீரோடு பருமன் அளவில் கலக்கும்போது அது தாங்கும் குளிர் ஏறத்தாழ இப்படி:

25 சதவீதம்: மைனஸ் 12
33 சதவீதம்: மைனஸ் 18
40 சதவீதம்: மைனஸ் 24
50 சதவீதம்: மைனஸ் 37
60 சதவீதம்: மைனஸ் 52

இந்த வரிசையைப் பார்த்து, நூறு சதவீதம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. தண்ணீரே கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். ஏறக்குறைய 70 சதவீதம் வரைதான் உறைநிலை கீழே இறங்கும். அதைத் தாண்டினால் மறுபடி மேலே ஏறும். செறிவு கூடக் கூட வேறு இரண்டு கேடுகளும் சேர்ந்துகொள்ளும். கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைந்த வெப்பத்தையே சுமக்கும். குளிரில் தடித்துப் போய் மெதுவாக ஓடும். துருத்தடுப்பு மருந்துகள் கரைந்து வேலை செய்யவும் தண்ணீர் வேண்டும். 70-க்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். மைனஸ் 27-க்குக் கீழே போகாத இடங்களுக்கு 50 சதவீதமே போதும். மறுபக்கம், கடுங்குளிர் இல்லாத ஊரிலும் 40-க்குக் கீழே விடுவது சரியல்ல. துருத்தடுப்பின் அளவும் கூடவே குறைந்துவிடும்.

உங்கள் இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் கீழே இன்னொரு 10 டிகிரி தாங்கும்படி கலவையை வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக வீசினால் உடம்புக்கு மைனஸ் 30 போலத் தோன்றும் என்று வானிலை அறிக்கையில் வருவதைக் காருக்குக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் உலோகம் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் போய்ச்சேரும், அவ்வளவுதான்.

புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டும் கிடைக்கிறது. நச்சுத்தன்மை குறைவு. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 33 அளவுக்குத் தாங்கும்.

எந்த வகை

நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். எந்த நிறம் எந்த வகைக்கு என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதி ஏதும் இல்லை. ஒருவரின் ஆரஞ்சு இன்னொருவரின் சிவப்பாக இருக்கும். காரின் கையேட்டில் கொடுத்திருக்கும் தரக் குறியீட்டையும், புட்டியின் பின்பக்கம் உள்ள குறியீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏஎஸ்டிஎம் டி3306, ஜேஐஎஸ் கே 2234, பிஎஸ் 6580 போன்றவை பொதுத் தரங்கள். அவற்றுக்கு மேல் கார் நிறுவனத்தின் சொந்தக் குறியீடு ஒன்றும் இருக்கும். முடிவுசெய்ய வேண்டியது அதை வைத்துத்தான்.

கூலன்ட்டின் வகைகளைப் பிரிப்பது துருத்தடுப்பு மருந்து. பழைய வகையில் சிலிக்கேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் உடனே ஒரு படலம் போட்டுவிடும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். 2 ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டர் என்பது அதற்கு வழக்கமான கெடு. கரிம அமில வகை, அதாவது ஓஏடி, மெதுவாக வேலை செய்து நெடுங்காலம் நீடிக்கும். பொதுவாக 5 ஆண்டு. இரண்டையும் சேர்த்த கலப்பு வகைகளும் உண்டு. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாக பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள், கடின நீரோடு சேர்ந்தால் அது படிவமாக இறங்கும் என்பதால். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் வாட்டர் பம்ப்பின் சீல் தேயும் என்று சிலிக்கேட்டைத் தவிர்த்து பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். ஒரு காருக்குப் பொருந்தியது இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

இரண்டு வகை கலந்துவிட்டால் இன்ஜின் அன்றே கெட்டுவிடாது. நீண்ட ஆயுள் கொண்ட வகை தன் ஆயுளை இழக்கும். சில சேர்க்கைகளில் மருந்து பிரிந்து கூழாகி ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும். வழியில் வேறு எதுவும் கிடைக்காமல் கலக்க நேர்ந்தால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வாய்ப்பில் முழுவதும் மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது புட்டி தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டா, ஏற்கனவே தண்ணீர் கலந்த பிரீமிக்ஸா என்று பாருங்கள். பிரீமிக்ஸோடு மறுபடி தண்ணீர் சேர்த்தால் 25 சதவீதத்தில் போய் நிற்பீர்கள். கான்சன்ட்ரேட்டோடு சேர்ப்பது காய்ச்சி வடித்த நீராகவோ அயனி நீக்கிய நீராகவோ இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடங்களில் உப்பாகப் படியும். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

அளக்கும் முறை

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். குளிர்ந்து, அழுத்தினால் தளர்வாக அமுங்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே இருப்பது கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும்.

மாதிரியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். அழுத்த மூடி ரேடியேட்டரின் மேலேயே இருந்து, பக்கத்தில் தனி பிளாஸ்டிக் டேங்க் இருக்கும் கார்களில், அந்த டேங்கில் உள்ள திரவம் இன்ஜினுக்குள் இருப்பதோடு நன்றாகக் கலப்பதில்லை. நேற்று டேங்கில் கான்சன்ட்ரேட் ஊற்றியிருந்தால் அங்கே 70 சதவீதம் காட்டும், இன்ஜினுக்குள் 30 சதவீதமே இருக்கும். இத்தகைய கார்களில் ரேடியேட்டரிலிருந்தே எடுங்கள். அழுத்த மூடி டேங்கின் மேலேயே இருந்தால், டேங்கும் சுழற்சியின் பகுதிதான், அங்கிருந்து எடுக்கலாம்.

கருவியில் மூன்று வகை. மிதக்கும் பந்துகளோ முள்ளோ கொண்ட ஹைட்ரோமீட்டர் விலை குறைவு. அடர்த்தியை வைத்துச் சொல்லும். எத்திலீன் கிளைக்காலுக்கு மட்டும் அதை நம்பலாம். புரொப்பிலீன் கிளைக்காலின் அடர்த்தி தண்ணீரோடு மிக நெருங்கியது, செறிவு கூடினால் ஒரு கட்டத்தில் குறையவும் செய்யும். அதனால் ஹைட்ரோமீட்டர் பொய் சொல்லும். உறிஞ்சும்போது காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் பந்து மிதந்து, கலவை உண்மையில் இருப்பதைவிடச் செறிவாகத் தெரியும். தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

திரவத்தில் ஒளி வளைவதை வைத்துச் செறிவைச் சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டர்தான் எங்கள் பரிந்துரை. கண்ணாடிப் பரப்பில் முதலில் காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டு, கோடு பூஜ்ஜியத்தில் நிற்கும்படி திருகைச் சரிசெய்யுங்கள். துடைத்துவிட்டு கூலன்ட் இரண்டு சொட்டு விட்டு மூடி, அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். ஒரே வட்டத்துக்குள் பேட்டரி அமிலம், கண்ணாடி கழுவும் நீர், எத்திலீன் கிளைக்கால், புரொப்பிலீன் கிளைக்கால் எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவுகோல் இருக்கும். உங்களுடையதைத் தேடிப் படியுங்கள். தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் உள்ள கருவிகளும் பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான் சரியாகச் சொல்லும். பனியில் நின்றுகொண்டு படிக்காமல், மாதிரியை வீட்டுக்குள் கொண்டுபோய் அளவிடுங்கள்.

மூன்றாவது, சோதனைக் காகிதப் பட்டை. உறைநிலையோடு பி.எச். (அமிலத்தன்மை) அளவையும் காட்டும். உறைநிலை சரியாக இருந்தாலும் மருந்து தீர்ந்திருக்கலாம் என்பதால் இதுவும் வேண்டும். கிளைக்கால் நாளடைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகிறது, பி.எச். 7-க்குக் கீழே இறங்கிவிட்டால் செறிவு எப்படி இருந்தாலும் முழுவதும் மாற்றியாக வேண்டும். வெளிறிய கண்ணாடிப் பாத்திரத்தில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்திலும் பாருங்கள். பழுப்புத் துரு, எண்ணெய்ப் படலம், மிதக்கும் துகள் ஏதாவது தெரிந்தாலும் அதே முடிவுதான்.

செறிவைத் திருத்துவது

கூலன்ட் நல்ல நிலையில் இருந்து செறிவு மட்டும் குறைந்திருந்தால், எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. ஒரு பகுதியை இறக்கிவிட்டு அதே அளவு கான்சன்ட்ரேட்டை ஊற்றினால் போதும். எவ்வளவு இறக்குவது? வேண்டிய சதவீதத்திலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழியுங்கள். அதை, நூறிலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். மொத்தக் கொள்ளளவால் பெருக்குங்கள்.

8 லிட்டர் அமைப்பு, இருப்பது 30, வேண்டியது 50 என்றால்: 20-ஐ 70-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்க, 2.3 லிட்டர் வரும். 2.3 லிட்டரை இறக்கி, 2.3 லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து நன்றாகக் கலக்கும்வரை ஓட்டி, ஆறியபின் மறுபடி அளவிடுங்கள். ஊற்றிவிட்டு இன்ஜினை ஓடவிடாமல் குளிர் இரவில் நிறுத்தினால், கான்சன்ட்ரேட் ரேடியேட்டரிலேயே நிற்கும். பிளாக்குக்குள் பழைய நீர்த்த கலவைதான் இருக்கும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

முழுவதும் மாற்றுவது

வெளியே உறைபனி இருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நடுவில் ஒரு கட்டத்தில் அமைப்புக்குள் வெறும் தண்ணீர் நிற்கும்; அந்த நிலையில் வண்டியை ஒரு இரவு வெளியே விட்டால் எதைத் தடுக்க வந்தீர்களோ அதுவே நடந்துவிடும்.

தேவையானவை: 10 லிட்டர் பிடிக்கும் அகலத் தட்டு, அளவுக்கோடு போட்ட வாளி, புனல், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, கான்சன்ட்ரேட், 10 முதல் 20 லிட்டர் காய்ச்சி வடித்த நீர்.

ஆறிய இன்ஜினில் ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். சில கார்களில் அப்போதுதான் ஹீட்டருக்குப் போகும் வால்வு திறக்கும். கீழே உள்ள வடிகால் திருகைத் திறந்து, ஒழுகத் தொடங்கியதும் மேல் மூடியைக் கழற்றுங்கள். திருகு பிளாஸ்டிக்காக இருந்து இறுகிப்போயிருந்தால் குறடு போட்டு முறுக்க வேண்டாம், உடைந்துவிடும். கீழ் ஹோஸின் கிளாம்ப்பைத் தளர்த்தி அதன் வழியே இறக்குங்கள். பிளாக்கில் வடிகால் திருகு இருந்தால் அதையும் திறங்கள்.

வந்ததை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 8 லிட்டர் அமைப்பில் 5 லிட்டர்தான் வெளியே வரும் என்பது சாதாரணம். மீதி 3 லிட்டர் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் தங்கிவிடும். இந்த 3 லிட்டர்தான் பின்னால் கணக்கைக் கெடுக்கப் போகிறது.

திருகை மூடி, காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, இறக்குங்கள். நீர் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அவசரப்பட்டுச் சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

இனி நிரப்புவது. இறக்கிய பிறகும் உள்ளே 3 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. இப்போது 5 லிட்டர் பிரீமிக்ஸ் ஊற்றினால் அதில் கிளைக்கால் இரண்டரை லிட்டர்தான். 8 லிட்டருக்கு 31 சதவீதம். மைனஸ் 37 என்று புட்டியில் அச்சிட்டதை நம்பியவருக்குக் கிடைப்பது மைனஸ் 16, 17 தான். அதனால் தண்ணீர் விட்டு அலசினால் கான்சன்ட்ரேட்டையே பயன்படுத்துங்கள். மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 4 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள். மீதி இடத்தைத் தண்ணீரால் நிரப்புங்கள். இந்தக் கணக்கில் அது 1 லிட்டர்தான். பிரீமிக்ஸ்தான் வேண்டும் என்றால், தண்ணீருக்குப் பதில் பிரீமிக்ஸாலேயே அலச வேண்டியிருக்கும்; செலவு கூடும்.

காற்றை வெளியேற்றுவது

உள்ளே மாட்டிய காற்று, சூடு கூடிய இடத்தில் கூலன்ட் படாமல் செய்துவிடும். ஹீட்டரில் குளிர்காற்று வரவைக்கும். டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலப்பது போலக் கேட்கும். வண்டியின் முன்பகுதி உயரமாக இருக்கும்படி நிறுத்துங்கள். காற்றுத் திருகு இருந்தால் திறந்து, குமிழியின்றி ஒழுகும்வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். மூடியைத் திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினைச் சும்மா ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் 82 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும். அப்போது மட்டம் திடீரென்று இறங்கும், மேல் ஹோஸ் சூடாகும். நிரப்பிக்கொண்டே மேல் ஹோஸைக் கையுறையோடு அழுத்தி விடுங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, மின்விசிறி இருமுறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். சில புதிய கார்களில் மின் பம்ப்பை ஓடவைத்தோ வெற்றிடக் கருவியாலோதான் காற்றை எடுக்க முடியும். அவற்றுக்குக் கையேட்டின் முறையே முறை.

மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. செறிவையும் அப்போதே அளந்துவிடுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியவை

மூடியைப் பலர் கவனிப்பதே இல்லை. பாதிக்குப் பாதி கலவை வெளிக்காற்று அழுத்தத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். மூடி தாங்கும் சுமார் 1 பார் அழுத்தம் அதை 129 வரை ஏற்றுகிறது. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், கூலன்ட்டும் வெளியேறும். இன்ஜின் ஆறும்போது மேல் ஹோஸ் உள்ளே ஒட்டிச் சப்பையாகிறது என்றால், மூடியில் உள்ள சிறிய வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். புது மூடி வாங்கும்போது அதே அழுத்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர்ந்த காலையில் மட்டும் இன்ஜினுக்கு அடியில் சில சொட்டுகள், சூடானதும் நின்றுவிடும் என்றால் பெரும்பாலும் ஹோஸ் மூட்டுகள்தான். குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்குகிறது. திருகு வைத்த கிளாம்ப் அதற்கேற்ப இறுக்கிக்கொள்ளாது, ஸ்பிரிங் கிளாம்ப் இறுக்கிக்கொள்ளும். ஹோஸை அழுத்தும்போது பஞ்சு போல அமுங்கினாலும், நொறுங்கும் சத்தம் கேட்டாலும், கிளாம்ப் பக்கத்தில் புடைத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடாகவே ஆகாது, ஹீட்டர் வெதுவெதுப்போடு நிற்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். இன்ஜின் முழுச் சூட்டில் இருந்தும் ஹீட்டரில் குளிர்காற்றே வந்தால், முதலில் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். பிறகு ஹீட்டர் கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது வால்வு திறக்கவில்லை. முன்கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மூட்டம், கூடவே இனிப்பான வாடை என்றால் கோர் கசிகிறது. கசிவை அடைக்கும் பொடிகளை ஊற்றாதீர்கள். அவை ஓட்டையை அடைக்குமுன் ஹீட்டர் கோரின் குழாய்களை அடைத்துவிடும்.

குளிர்காலத்தில் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற பசை தெரிந்தால் உடனே ஹெட் காஸ்கெட் (பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பதற வேண்டாம். சிறு தூரமே ஓடும் வண்டியில் ஈரம் ஒடுங்கி அப்படிப் படியும். எண்ணெய்க் குச்சியிலும் அதே பசை, கூலன்ட் மட்டம் தொடர்ந்து குறைவு, சூடான பிறகும் நிற்காத இனிப்பு வாடை வெண்புகை ஆகியவை சேர்ந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

உறைந்துவிட்டால்

ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கிறீச்சிடுவது முதல் அறிகுறி. பம்ப்புக்குள் பனி பிடித்து அது சுழலாமல் நிற்க, பெல்ட் வழுக்குகிறது. ஹீட்டரில் குளிர்காற்று வரும்போதே வெப்பமானி வேகமாக ஏறினால் கூலன்ட் சுழலவில்லை என்று பொருள். சாலையிலும் இது நடக்கும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது ரேடியேட்டருக்குச் சூடான திரவம் வராது. எதிர்க்காற்றில் அது உறைந்துபோகும். பிறகு தெர்மோஸ்டாட் திறந்தாலும் வழி அடைத்திருக்கும். கடுங்குளிரில் இன்ஜின் அதிகச் சூடாவது இப்படித்தான்.

உடனே இன்ஜினை நிறுத்துங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், தீச்சுடர் காட்டாதீர்கள். வண்டியை இழுத்துச் சென்று சூடான கொட்டகைக்குள் விடுங்கள். முழுக்க உருக ஒரு நாள் கூட ஆகலாம். உருகிய பிறகு பிளாக்கின் மூடிகள், ரேடியேட்டரின் ஓரங்கள், பம்ப்பின் அடித்துளை, எண்ணெய்க் குச்சி எல்லாவற்றையும் பாருங்கள். பனிக்கட்டி இருக்கும்வரை விரிசல் தெரியாது, உருகினால்தான் ஒழுகும். அழுத்தச் சோதனை செய்து, செறிவைத் திருத்திவிட்டே வெளியே எடுங்கள்.

நிற்கும் இன்ஜினை மின்சாரத்தால் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் ஆன்டிஃப்ரீஸுக்கு மாற்றாகாது. மின்சாரம் போன இரவில் அதனால் ஒரு பயனும் இல்லை. கிளப்புவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பு போட்டால் போதும். கூலன்ட் இல்லாத பிளாக்கில் போட்டால் சுருள் எரிந்துவிடும்.

மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட்களிலும் பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் தனிக் கூலன்ட் சுற்று இருக்கலாம். சிலவற்றுக்கு மின்கடத்துதிறன் மிகக் குறைந்த தனித் திரவம் வேண்டும். சாதாரணக் கூலன்ட்டோ தண்ணீரோ அதில் சேர்க்கக் கூடாது. மட்டம் குறைந்தால் உயர்மின்னழுத்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

நச்சு

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தைகளும் வாயில் வைப்பார்கள். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகி சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஒரு பூனையைக் கொல்ல ஓரிரு தேக்கரண்டி போதும். சில தயாரிப்புகளில் கசப்புப் பொருள் சேர்ப்பார்கள், ஆனாலும் அதை நம்பி விடாதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், புட்டியையும் எடுத்துக்கொண்டு. மாற்று மருந்து உண்டு, முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் முழுப் பயன்.

இறக்கிய கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்காதீர்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, கழிவுச் சேகரிப்பு மையத்திலோ ஏற்றுக்கொள்ளும் ஒர்க் ஷாப்பிலோ கொடுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். மழைநீர் வடிகாலிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு, அள்ளிப் பையில் கட்டிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து எடுங்கள்.